கொழும்பில் மருந்தாளராகத் தொடங்குபவர் தமது பாதையைத் தெரிவு செய்வது எப்படி?

உயர்தர உயிரியல் பிரிவில் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய இசட் புள்ளி கிடைக்காமல், விண்ணப்பப் படிவத்தின் அடுத்த வரிகளில் எழுதி வைத்த பார்மசிக்கு வந்து சேர்ந்தவர்கள் இத்துறையில் பலர் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் படிப்பு முடியும் காலத்திலும் தாம் எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. முதலில் கிடைக்கும் நியமனமே பின்னர் வாழ்நாள் வேலையாக நிலைத்துவிடுகிறது. உயர்தரம் முடித்துப் பார்மசியைப் பற்றி யோசிக்கும் மாணவருக்கும், பட்டத்தையோ டிப்ளோமாவையோ கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் முதல் வேலை தேடுபவருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பதவியின் பெயரையோ சம்பளத்தின் முதல் எண்ணையோ பார்க்காமல், அந்தப் பதவியில் இருப்பவர் ஒரு சாதாரண வேலைநாளின் முற்பகலில் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

முதற்படி: பதிவு கிடைக்குமா என்பதை உறுதி செய்தல்

இலங்கையில் மருந்தாளராகத் தொழில் புரிவதற்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவை நோக்கிச் செல்லும் வழிகள் சில உள்ளன. பேராதனை, யாழ்ப்பாணம், றுகுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர போன்ற பல்கலைக்கழகங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக மாணவர்களைச் சேர்த்து நான்காண்டுப் பட்டப்படிப்பை நடத்துகின்றன. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்திப் படிக்கும் வழியும் இருக்கிறது. சுகாதார அமைச்சு அரசாங்க வைத்தியசாலைகளுக்காக ஆட்களைச் சேர்த்துத் தானே பயிற்றுவிக்கிறது. இதற்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். இவற்றோடு, பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ்ப் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவை நடத்தும் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றும் பழைய வழியும் உண்டு. கொழும்பிலுள்ள தனியார் மருந்துக்கடைகளில் இன்று பொறுப்பில் இருக்கும் மூத்தவர்கள் பலர் இந்தக் கடைசி வழியில் வந்தவர்களே.

பட்டம் உயர்ந்தது, டிப்ளோமா தாழ்ந்தது என்று பேசுவதால் தொடங்குபவருக்குப் பயன் இல்லை. கடையின் முகப்பிலும் அரசாங்க வைத்தியசாலையிலும் இருவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். வேறுபாடு தெரிவது பின்னர்தான்: வெளிநாட்டு உரிமம், பட்டமேற்படிப்பு, விரிவுரையாளர் பதவி, மருந்துகளை அதிகாரசபையில் பதிவு செய்யும் வேலையைப் பார்க்கும் பல கம்பனிகளின் ஒழுங்குவிதிப் பிரிவு ஆகியவை பட்டத்தையே கேட்கும். இருபது வயதில் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழல் உள்ளவர் பரீட்சை வழியில் போவது நியாயமான முடிவு. பின்னாளில் பட்டம் வேண்டுமென்றால், நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் பார்மசிப் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தகைமைகளை அவர் இப்போதே வாசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் படியில் ஏமாற்றமும் அதிகம். ஆறு மாதத்தில் மருந்தாளர் ஆகலாம் என்ற தொனியில் விளம்பரம் செய்யும் சில தனியார் நிறுவனங்கள் கொடுப்பது உதவியாளர் சான்றிதழ் மட்டுமே; அதை வைத்துக்கொண்டு பதிவுக்கு விண்ணப்பிக்க முடியாது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதே சான்றிதழுடன் வெளியேறிய முன்னைய அணியினர் இலங்கை மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதிவு பெற்றிருக்கிறார்களா? இதற்கான விடையை அந்த நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கேட்காமல், மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பாதையின் வேலைநாளையும் அறிதல்

தனியார் மருந்துக்கடையிலிருந்து தொடங்கலாம். வெள்ளவத்தை காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு நடுத்தரமான பார்மசியில் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நின்று பார்த்தால் இத்தொழிலின் பெரும்பகுதி புரிந்துவிடும். தனியார் சிகிச்சை நிலையங்களில் வைத்தியர்கள் நோயாளரைப் பார்க்கும் நேரம் அதுவாகையால், மருந்துச் சிட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எழுத்து விளங்காது, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மருந்துப் பெயர்களில் எது என்று வைத்தியரை அழைத்துக் கேட்க வேண்டியிருக்கும், பத்து நாளுக்கு எழுதிய மருந்தை மூன்று நாளுக்குத் தரும்படி, கையில் உள்ள பணத்தை எண்ணியவாறே ஒருவர் கேட்பார். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மருந்துச் சிட்டையில் மருந்தின் பொதுப்பெயர் எழுதப்பட வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே ஒரே மருந்தின் விலை கூடிய வணிகப்பெயருக்கும் விலை குறைந்ததற்கும் இடையே நோயாளருக்கு நேர்மையாக வழிகாட்டுவது மருந்தாளரின் அன்றாடக் கடமையாகிறது. கடை முதலாளிக்கு எதில் இலாபம் கூடுதல் என்பதும் அதே நேரத்தில் உங்கள் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

இந்த வேலைக்கு வேண்டிய முதன்மையான குணம் மறுக்கும் துணிவு என்பேன். ஒரு கார்ட் பனடோல் கேட்பவருக்கு அதைக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் சிட்டை இல்லாமல் அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கேட்பவர், தூக்கம் வரவில்லை என்று டயசிபாம் கேட்பவர், "முந்தியும் இங்கேதானே வாங்கினேன்" என்று குரலை உயர்த்துபவர் ஆகியோருக்கு முடியாது என்று சொல்ல வேண்டும். அதையும் அவர் அவமானப்படாத வகையில் சொல்ல வேண்டும். நமது விதிகளின்படி மருந்துகள் அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நுண்ணுயிர்க்கொல்லிகள் சிட்டை இன்றி விற்கக் கூடாத வகையில் அடங்குகின்றன. போதை தரும் மருந்துகளுக்கும் உளவியல் மருந்துகளுக்கும் அதைவிடக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. பின்னால் நிற்கும் ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம்.

அதேவேளை, நோயாளரோடு நேராகப் பேசி ஒரு பெரும் தீங்கைத் தடுக்கும் வாய்ப்பு வேறெந்தப் பாதையையும்விட இங்கேதான் அதிகம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெதோட்ரெக்சேற்றை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். குளிசைகளைக் கையில் கொடுக்கும்போது எந்தக் கிழமை என்று கேட்டு உறையில் எழுதிக் கொடுக்கும் அந்த அரை நிமிடம் மருந்தாளருடையது. இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்துவிட்டு ஏன் சீனி குறையவில்லை என்று கேட்பவரும், இன்ஹேலரை வாய்க்கு வெளியே அழுத்துபவரும் இந்த ஊரில் குறைவில்லை. இத்தகைய உரையாடல்கள் உங்களுக்குச் சலிப்பைத் தந்தால் கடைப் பணி உங்களுக்குரியது அன்று. உற்சாகம் தந்தால் நீண்ட மணித்தியாலங்களும் நிற்கும் கால்களின் வலியும் பொறுக்கக்கூடியவையே.

அரசாங்க வைத்தியசாலை வேறொரு உலகம். மருந்து இலவசமாகையால் விலைப் பேச்சு இல்லை. அதற்குப் பதிலாக எண்ணிக்கை இருக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் கிளினிக் நாள்களில் மாதத்துக்குரிய மருந்தைப் பெற வந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளும் என்பதைப் பார்க்காமல் யாரும் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடாது. ஒரு நோயாளருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் மிகச் சொற்பம் என்பதால், படித்த ஆலோசனைத் திறன் முழுவதையும் இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்கப் பழக வேண்டும். ஆனால் எல்லாப் பிரிவுகளும் அப்படி அல்ல. பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஒவ்வொரு மருந்தளவும் குழந்தையின் நிறையைப் பொறுத்துக் கணக்கிடப்படுவதால், ஒரு தசமப்புள்ளி இடம் மாறினாலும் ஆபத்து. மஹரகம அபேக்ஷா போன்ற புற்றுநோய் வைத்தியசாலையில் கையாளப்படும் கலநச்சு மருந்துகளோ (புற்றுக் கலங்களை அழிப்பவை), கையாள்பவரையே பாதிக்கக்கூடியவையாகையால் தனிப் பாதுகாப்பு ஒழுங்குகளைக் கேட்பவை. கணக்கும் நுணுக்கமும் விரும்புபவர் இவ்வாறான பிரிவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

வார்ட்டுக்குச் சென்று வைத்தியருடனும் தாதியருடனும் சேர்ந்து நோயாளரின் மருந்துப் பட்டியலை ஆராயும் கிளினிக்கல் பார்மசியைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் அதிகம் படிப்போம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு ஜென்டமைசின் அளவைக் குறைத்தல், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவருக்கு எதிரிடையான மருந்துகளைச் சுட்டிக்காட்டல் போன்றவை அதன் உள்ளடக்கம். இந்த நாட்டில் அது இன்னும் வளர்ந்துவரும் நிலையில்தான் இருக்கிறது. பட்டம் பெற்ற மறுநாள் வார்ட்டில் நிற்கலாம் என்று எண்ணி அரச சேவையில் சேர்பவர் வெளிநோயாளர் பிரிவின் யன்னலில் நிறுத்தப்படும்போது மனம் உடைகிறார். அந்தப் பாதையை உண்மையிலேயே விரும்புபவர் பட்டமேற்படிப்பையும் போதனா வைத்தியசாலை ஒன்றில் இடத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அரச நியமனம் நாடளாவியது என்பதும், முதல் நியமனம் கொழும்பில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பதும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய செய்திகள். ஓய்வூதியமும் வேலை உறுதியும் அதற்கு ஈடாகக் கிடைப்பவை.

கொள்முதலும் விநியோகமும் பலர் எண்ணிப் பாராத பாதை. சுகாதார அமைச்சின் மருத்துவ விநியோகப் பிரிவும், ஒசுசல கடைகளை நடத்தும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் கொழும்பிலேயே இருக்கின்றன. பேராசிரியர் சேனக்க பிபிலே முதல் தலைவராக இருந்த அந்தக் கூட்டுத்தாபனம் 1971 இல் தொடங்கியது. பொதுப்பெயரில் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையை நிலைநாட்டியதால் உலகளவில் பேசப்பட்டது. இங்கு வேலை என்பது தேவை மதிப்பீடு, கையிருப்பு, காலாவதித் தேதி, கேள்விப்பத்திர விபரக்குறிப்பு என்று எண்களோடும் தாள்களோடும் கழிவது. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எந்த மருந்தை முதலில் வாங்குவது என்ற முடிவு எத்தனை உயிர்களைத் தொடும் என்பதை நாடே கண்டது.

கொழும்பில் இருப்பவருக்குத் தனியாகக் கிடைக்கும் வாய்ப்பு இறக்குமதி நிறுவனங்களின் ஒழுங்குவிதிப் பிரிவாகும். நாம் பயன்படுத்தும் மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, குறிப்பாக இந்தியாவிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட்ட பின்னரே சந்தைக்கு வரலாம். அந்தப் பதிவுக்கான ஆவணக் கோவையை உற்பத்தியாளரிடமிருந்து பெற்று, குறைகளைக் கண்டுபிடித்து, மருந்து எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று காட்டும் நிலைத்தன்மை ஆய்வுத் தரவு நமது வெப்பத்துக்கும் ஈரப்பதனுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, அதிகாரசபையின் கேள்விகளுக்கு விடையெழுதி, பதிவு காலாவதியாகுமுன் புதுப்பிப்பது இந்தப் பிரிவினரின் வேலை. நோயாளரை ஒருபோதும் பார்க்க மாட்டீர்கள். வேலை நேரம் ஒழுங்கானது. ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்திருப்பது கட்டாயம். 2023 இல் வெளிச்சத்துக்கு வந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரத்தை வாசித்தவருக்கு, இந்தத் தாள்களை ஒருவர் கவனமாகப் படிப்பதும் படிக்காமல் விடுவதும் எங்கே போய் முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதிகாரசபையிலும் அதன் தேசிய ஔடதத் தர உறுதிப்பாட்டு ஆய்வுகூடத்திலும் இதே துறையின் மறுபக்கத்தில் வேலைகள் உள்ளன.

உற்பத்தியை விரும்புபவருக்கு இரத்மலானையில் ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனத்தின் தொழிற்சாலையும், ஹோமாகமையிலும் கொழும்பைச் சூழ்ந்த பிற பகுதிகளிலும் உள்ள தனியார் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. தர உறுதிப்பாட்டில் சேர்பவர் குளிசை கரையும் வேகத்தை அளப்பதிலும் ஒவ்வொரு தொகுதியின் பதிவேட்டையும் சரிபார்ப்பதிலும் நாளைக் கழிப்பார். இரசாயனம் பிடித்தவருக்கு இது நல்ல இடம், ஆனால் அந்தப் பதவிகளுக்கு இரசாயனவியல் பட்டதாரிகளும் போட்டியிடுகிறார்கள்.

மெடிக்கல் ரெப் வேலைக்குப் பார்மசிப் பட்டம் தேவையில்லை. விற்பனை இலக்கும் பயணமும் பிடித்தவர் போகலாம், மருந்தாளர் பதிவு அங்கே பெரிதாக உதவாது. விரிவுரையாளராக விரும்புபவர் சிறந்த சித்தியையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் இலக்காகக் கொள்ள வேண்டும். முதலாண்டிலிருந்தே அதற்குத் திட்டமிடாவிட்டால் பின்னர் சேர்வது கடினம்.

மூன்றாம் படி: பார்த்துச் சோதித்தல்

மேலே எழுதப்பட்டதை வாசித்து முடிவெடுக்காதீர்கள். விடுமுறையில் ஒரு மருந்துக்கடையில் மாலை வேளைகளில் உதவியாளராக நில்லுங்கள். சம்பளம் சொற்பமாக இருந்தாலும் பரவாயில்லை. பல்கலைக்கழகத்தின் வைத்தியசாலைப் பயிற்சியின்போது உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பிரிவோடு நிற்காமல், மருந்துக் களஞ்சியத்தில் இருக்கும் ஐயாவிடமோ மிஸ்ஸிடமோ அனுமதி கேட்டு அங்கேயும் ஒருநாள் இருங்கள். இலங்கை மருந்தாளர் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போனால் ஒழுங்குவிதிப் பிரிவிலும் தொழிற்சாலையிலும் இருப்பவர்களைச் சந்திக்கலாம். அவர்களிடம் வேலை எப்படி என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். நேற்றைய நாளில் அதிக நேரத்தை எதில் செலவிட்டீர்கள், ஐந்து ஆண்டுகளுக்கு முன் உங்களோடு சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் விடை எந்த விளம்பரத்திலும் இருக்காது.

நான்காம் படி: மொழி

தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்தவர் பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் படித்து, கொழும்பில் பெரும்பாலும் சிங்களத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். இதைச் சுமையாக மட்டும் பார்ப்பது தவறு. மஹரகமைக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் மலையகத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளர்கள் மருந்தை எப்படி எடுப்பது என்று விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போவதை நீங்கள் அங்கே நிற்கும் முதல் வாரத்திலேயே காண்பீர்கள். மூன்று மொழியிலும் ஆலோசனை சொல்லக்கூடிய மருந்தாளருக்குக் கொழும்பில் எங்கும் மதிப்பு உண்டு. சிங்களத்தில் உணவுக்கு முன், உணவுக்குப் பின், இவ்வளவு நாள், இந்த அறிகுறி தோன்றினால் உடனே வாருங்கள் என்பவற்றைத் தயக்கமின்றிச் சொல்லப் பழகுவதிலிருந்து தொடங்கலாம். அரச சேவையில் சேர்பவருக்கு இரண்டாவது அரச கரும மொழித் தேர்ச்சி கட்டாயம் என்பதால், மாணவப் பருவத்திலேயே இதைப் பழகியவருக்குப் பின்னர் சம்பள ஏற்றத்தில் தடங்கல் வராது.

ஐந்தாம் படி: வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல்

எங்கே போவது என்பதைப் பின்னர் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுபவர், கதவு மூடிய பின்னரே அதை அறிகிறார். அமெரிக்க உரிமத்துக்கான வெளிநாட்டுப் பட்டதாரிப் பரீட்சை, 2003 தொடக்கத்துக்குப் பின் பட்டம் பெற்றவரிடம் ஐந்தாண்டுப் பாடநெறியைக் கேட்கிறது. நமது நான்காண்டுப் பட்டம் அதற்குப் போதாது. பிரித்தானியாவுக்குப் போவோர் வெளிநாட்டு மருந்தாளர்களுக்கான ஓராண்டு மதிப்பீட்டுப் பாடநெறியை அங்கே படித்து, அதன்பின் ஓராண்டுப் பயிற்சியும் முடித்துப் பதிவுப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும், செலவு கணிசமானது. அவுஸ்திரேலியா 2025 முதல் பழைய காப்ஸ் பரீட்சைக்குப் பதிலாக ஓப்ரா என்ற பரீட்சையை நடத்துகிறது. அதன்பின் மேற்பார்வைப் பயிற்சியும் உண்டு.

வளைகுடா நாடுகளுக்குப் போவோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது ஆவணங்களை. அங்கு டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் உங்கள் பட்டத்தையும் அனுபவத்தையும் வழங்கிய இடத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும். நியமனக் கடிதம் இல்லாமல் வாய்ப்பேச்சில் வேலை செய்த இரண்டாண்டும், உரிமம் புதுப்பிக்காத கடையில் வேலை செய்த காலமும் அங்கே அனுபவமாகக் கணக்கிடப்படாமல் போகலாம். ஆகையால் நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள்.

ஆறாம் படி: முதல் வேலையை ஏற்றல்

எந்தப் பாதை என்று இன்னும் தீர்மானிக்க முடியாதவருக்கு என் ஆலோசனை, முதல் இரண்டு ஆண்டுகளை நோயாளர் வந்துபோகும் இடத்தில் கழிக்க வேண்டும் என்பதே. கடையிலோ வைத்தியசாலையிலோ பழகியவர் பின்னர் ஒழுங்குவிதிப் பிரிவுக்கு மாறுவது இயல்பாக நடக்கிறது. அலுவலகத்தில் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் கடை முகப்புக்கு வருபவர் மருந்தளவுகளையும் வணிகப்பெயர்களையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். சொந்தக் கடை வைக்கும் எண்ணமுள்ளவருக்கும் இதுவே பயிற்சி. அதிகாரசபையின் உரிமம், குளிரூட்டல், உணவு மருந்துப் பரிசோதகரின் வருகை, காலாவதியான சரக்கின் நட்டம் ஆகியவற்றை இன்னொருவருடைய முதலீட்டில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது மலிவானது.

நேர்முகப் பரீட்சையில் உங்களைக் கேள்வி கேட்பவரிடம் நீங்களும் கேட்கலாம். ஒரு நேரமுறையில் எத்தனை மருந்தாளர்கள் இருப்பார்கள், இரவில் வீடு திரும்ப ஒழுங்கு உண்டா, ஒரு மருந்தைக் கொடுக்க நான் மறுத்தால் நிர்வாகம் என் பக்கம் நிற்குமா என்பவை கேட்கத் தகுந்தவை. கடைசிக் கேள்விக்கு முதலாளி சிரித்தால், வேறு கடை பாருங்கள்.

வேலைக்கு வராமலே பதிவுச் சான்றிதழை மட்டும் கடைச் சுவரில் மாட்ட மாதந்தோறும் ஒரு தொகை தருவதாக உங்களிடம் யாரேனும் வரக்கூடும். கடன் உள்ள இளையவருக்கு அது எளிதான பணமாகத் தோன்றும். அந்தக் கடையில் பயிற்சியற்ற ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு தவறான மருந்துக்கும் சட்டத்தின் முன் உங்கள் பெயரே இருக்கும். பதிவு பறிபோனால் மேலே சொன்ன பாதைகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் மூடப்படும். நியமனக் கடிதத்தில் உங்களைப் பொறுப்பு மருந்தாளர் என்று குறிப்பிட்டிருந்தால், நீங்கள் இல்லாத மணித்தியாலங்களில் எந்தப் பதிவு பெற்ற மருந்தாளர் கடமையில் இருப்பார் என்பதைக் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.